வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்

அவளுக்குச் செருமல் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறொன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. அந்த முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாக, பெருக்குகிறவரிலிருந்து மேலாளர் வரை, எல்லோருக்கும் அவள் செருமல் அக்காதான்.

எந்த அறைக்குள் போவதாக இருந்தாலும் வாசலில் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமுவாள். பிறகு, "நான்தான்" என்பாள். உள்ளேயிருந்து ஒரு அசைவு தெரிந்த பிறகே காலை எடுத்து வைப்பாள். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. அவள் வேலை பார்த்தது இல்லத்தின் பின்கட்டில். அங்கே இருந்த ஒன்பது பேரும் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். போர் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது என்று செய்தித்தாள்காரர்களுக்குத் தெரியும். இந்த ஒன்பது பேருக்கும் அதை யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், பாசமாகத்தான், அவர்களில் தபால்காரராக இருந்தவரின் தோளைப் பின்னாலிருந்து தட்டிவிட்டார். டாக்டருக்குப் புருவத்தில் நாலு தையல். அடித்துவிட்டோமே என்று தபால்காரர் இரண்டு நாள் அழுதார். டாக்டர் அதற்குப் பிறகு முன்கட்டோடு நின்றுகொண்டார்.

அவள் சொந்த வீட்டிலும் செருமுவாள். சமையலறைக்குள் போகும்முன் செருமல், குளியலறைக் கதவில் செருமல். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் பயந்துபோய் அவளை நெஞ்சுப் படம் எடுக்கக் கூட்டிப்போனான். நுரையீரல் பளிங்கு மாதிரி இருக்கிறது, கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து உள்ளேயிருந்து பதில் சொல்லப் பழகிக்கொண்டான். வா, நான்தான் இருக்கேன், கையில ஒண்ணுமில்ல என்பான். ஒருமுறை அவள் தன்னை அறியாமல் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று செருமினாள். "உள்ள தக்காளிதான் இருக்கு, தைரியமாத் திற" என்றான். அவன் சிரிக்காமல் சொல்கிறவன். இவள் சிரிக்காமல் கேட்கிறவள். இனம் இனத்தோடு சேர்ந்திருந்தது.

இந்த வேலைக்கு வருமுன் ஆறு மாதப் பயிற்சி ஒன்று உண்டு. அங்கே செருமலுக்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, படம் போட்டுப் பாடம் நடத்தினார்கள். பரீட்சையில் அவளுக்கு அறுபத்தெட்டு மதிப்பெண் வந்தது. ஆறு வயதிலிருந்து அவள் செய்துகொண்டிருந்ததற்கு அறுபத்தெட்டு.

அவளுடைய அப்பா போரிலிருந்து கை கால் முழுசாகத் திரும்பி வந்தவர். அதிர்ஷ்டசாலி என்று தெருவே சொன்னது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை கிடைத்தது. ஒழுங்காகப் போவார், ஒழுங்காக வருவார். ஆனால் இடி இடித்தால், பக்கத்து வீட்டுக் கதவு அடித்துச் சாத்தினால், கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். அப்பா கீழே எதையோ தேடுகிறார் என்பாள் அம்மா. விருந்தாளி இருந்தாலும் அதேதான் சொல்வாள். விருந்தாளிகளும் நாகரிகமாக, கிடைத்துவிட்டதா என்று கேட்டுவைப்பார்கள். சிறுமியாக இருந்தவள் தானே கண்டுபிடித்தாள்: வாசலில் இரண்டு முறை செருமி, "நான்தான்பா" என்று சொல்லிவிட்டுப் போனால் அப்பா பதறிப்போவதில்லை. போய்க் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே போக அவளுக்குத் தெரிந்திருந்தது. அவரை வெளியே கொண்டுவரத்தான் தெரியவில்லை. அவராக வரும்போது வருவார். சோறு ஆறிக் கிடக்கும்.

அவளுக்கு இருபத்தாறு வயதில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். படுக்கையில் அமைதியாகப் போய்விட்டார் என்றார்கள். அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாள்தான் அவளைத் தனியாக அழைத்து உள்ளதைச் சொன்னாள். பக்கத்துக் கட்டடத்தில் அன்று காலையெல்லாம் சுவரை இடித்தார்களாம். அவரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, மேலே கிடத்தி, கையை மடித்து வைத்தார்களாம். செருமல் அக்கா அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னாள். அடுத்த மாதம் பயிற்சியில் சேர்ந்தாள். ஏன் இந்த வேலை என்று நேர்முகத்தில் கேட்டபோது, வீட்டுக்குப் பக்கம் என்று சொன்னாள்.

பின்கட்டில் அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். அங்கே எவர்சில்வர் தட்டு கிடையாது, விழுந்தால் சத்தம். பிறந்தநாளுக்குப் பலூன் கிடையாது. மூட்டை அம்மா என்று ஒருவர், ஒரு துணிமூட்டையை எப்போதும் கட்டித் தயாராக வைத்திருப்பார். இரண்டு சேலை, ஒரு கரண்டி, யாருடையதோ ஒரு மூக்குக் கண்ணாடி. மாதம் ஒருமுறை அவள் அந்தச் சேலைகளைத் துவைத்து, காயவைத்து, அதே மடிப்பில், அதே வரிசையில் திரும்பக் கட்டிவைப்பாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்த அம்மா தலையணை உறைக்குள் ரொட்டி ஒளித்துவைப்பார். முன்பிருந்த ஊழியர்கள் அதை எடுத்து எறிந்துவிட்டு அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் பழையதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்துவிடுவாள். சண்டையும் இல்லை, எறும்பும் இல்லை.

காவல்கார ஐயா வந்து மூன்று வருடமாகியிருந்தது. கோப்பில் இரண்டே வரி. தொழில்: காவல். பேச்சு: இல்லை. நடை முனையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு போடும்வரை. மூன்று வருடத்தில் செருமல் அக்கா அவரிடம் பேசியதெல்லாம், "நான்தான் ஐயா, டீ" என்பது மட்டும்தான். அவர் பதிலுக்குக் கோப்பையை வாங்கிக்கொள்வார்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்தார். முதியோர் இல்லங்களில் தீத்தடுப்புப் பயிற்சி நடத்தியே ஆகவேண்டும் என்று புது விதி. சங்கு ஒரு நிமிடம் ஊதும். எல்லோரும் நாலு நிமிடத்துக்குள் முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். பின்கட்டில் சங்கு ஊதினால் என்ன ஆகும் என்று செருமல் அக்கா மேலாளரிடம் சொன்னாள். மேலாளர் நல்ல மனிதர். யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். அவளுக்கும் ஆட்டினார், பிறகு அதிகாரிக்கும் ஆட்டினார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார் அதிகாரி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. முன்கட்டிலிருந்து நாற்பது பேர் சாவகாசமாக வெளியே வந்தார்கள். ஒருவர் பாதி சவரத்தோடு வந்தார். பின்கட்டிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை.

நடையில் நின்றிருந்த செருமல் அக்கா மட்டும் பார்த்தாள். தபால்காரருக்குப் பத்தடி நடக்கக் கற்றுக்கொடுக்க உடற்பயிற்சிக்காரருக்கு மூன்று மாதம் பிடித்திருந்தது. அவர் இரண்டு ஊன்றுகோலில் ஒன்றை வீசிவிட்டு, அந்தக் கையால் டீச்சரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். மூட்டை அம்மா மூட்டையோடு ஓடினார். ஒருவர்கூடக் கத்தவில்லை. மாடிப்படிக்கு அடியில், துடைப்பமும் வாளியும் வைக்கிற எட்டடிக்கு நாலடி இடத்தில், ஒன்பது பேரும் முழங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக வந்த காவல்கார ஐயா திறப்புப் பக்கமாக, வெளியே பார்த்து உட்கார்ந்தார். மொத்தம் ஐம்பத்தொரு விநாடி. அந்த அதிகாரி தன் உத்தியோகத்தில் அவ்வளவு வேகமான பயிற்சியைக் கண்டிருக்க மாட்டார். திசைதான் தப்பு. தீ என்றால் வெளியே ஓட வேண்டும், குண்டு என்றால் உள்ளே ஓட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ள ஒரு போரையாவது பார்த்திருக்க வேண்டும்.

சங்கு நின்றது. அவர்கள் வரவில்லை. அதிகாரி டார்ச்சோடு வந்து குனிந்து பார்த்தார், பயிற்சி முடிந்துவிட்டது என்று விளக்கினார். மூட்டை அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "தம்பி, நின்னுட்டு இருக்காத. உள்ள வா, இடம் இருக்கு" என்று நகர்ந்து உட்கார்ந்தார். அதிகாரி வரவில்லை. குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

செருமல் அக்கா இரண்டு முறை செருமினாள். நான்தான் என்று சொல்லிவிட்டுப் படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம். டீ வந்து ஆறிப்போயிற்று. பதினொன்றே முக்கால் இருக்கும், காவல்கார ஐயா காதைச் சாய்த்துக் கேட்டார். எழுந்தார். ஜன்னலுக்குப் போய் வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு திரும்பி, "போயிட்டான். வாங்க" என்றார்.

மற்ற எட்டுப் பேரும் எழுந்தார்கள், உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள், வந்தார்கள். டீச்சர் வந்ததும் டீ ஏன் இவ்வளவு ஆறியிருக்கிறது என்று கேட்டார்.

செருமல் அக்கா தரையிலேயே இருந்தாள். மூன்று வருடமாக வாய் திறக்காதவர் பேசினாரே என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? இரண்டு சொல். அப்பாவின் கட்டில் பக்கத்தில் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறாள், ஒருவராவது அவளுக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

பத்து நாளில் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. ஆறு வாரம் கழித்து மறுபடியும் பயிற்சி. பின்கட்டு ஆட்கள் நாலு நிமிடத்துக்குள் தாங்களாக முற்றத்துக்கு வராவிட்டால், அவர்கள் ஒன்பது பேரும் பெரிய ஆஸ்பத்திரியின் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். அங்கே தூக்கிக்கொண்டு ஓட ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவு செருமல் அக்காவுக்குத் தெரியும், பயிற்சிக் காலத்தில் ஒரு மாதம் அங்கே இருந்தாள். கதவுகளை வெளிப்பக்கம் பூட்டுவார்கள். டீச்சருடைய கோப்பிலும் ஒரு வரி இருந்தது: வகுப்பறையில் பதினோரு நாள், வெளியே பூட்டு. டீச்சர் அங்கே ஒரு மாதம் தாங்கமாட்டார். செருமல் அக்கா கூட்டிச் சொல்கிறவள் அல்ல. ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான். டீச்சர் போனால் தபால்காரர் எத்தனை நாள் என்றும் அவளுக்குத் தெரியும்.

சங்கை நிறுத்த முடியாது, அது கட்டடம் முழுவதற்கும் ஊதுகிறது. அவள் கணக்குப் போட்டாள். உள்ளே ஒளிய ஐம்பத்தொரு விநாடி. நாலு நிமிடத்தில் மிச்சம் மூன்று நிமிடம் ஒன்பது விநாடி. படிக்கு அடியிலிருந்து முற்றத்துக்கு இருபத்தெட்டு அடி. அந்த இரண்டு சொல்லை நேரத்துக்குச் சொன்னால் போதும்.

தானே சொல்லிப் பார்த்தாள். முன்கட்டுச் சமையலறையில் யாராவது வாளியைப் போட்டு உருட்டினால் இரண்டு மூன்று பேர் படிக்கு அடியில் போவது வாராவாரம் நடப்பதுதான். அப்படி ஒருநாள் போய் நின்று, "போயிட்டான், வாங்க" என்றாள். யாரும் அசையவில்லை. மூட்டை அம்மா, "நீ எப்படிம்மா சொல்லுவ? நீ பார்க்கவே இல்லையே" என்றார். குரல் சரியில்லையோ என்று வீட்டில் பழகினாள். குளித்துக்கொண்டிருந்த புருஷன் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்து, யார் போய்விட்டான் என்று கேட்டான். எதிர்வீட்டு அம்மாள் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்குக் கூடமும் சரி, குரலும் சரி, ஆள்தான் வேறு. காவல்கார ஐயா சொன்னால் ஒழிய அந்த எட்டுப் பேரும் வரமாட்டார்கள்.

அவரிடம் போனாள். செருமினாள், நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சங்கு நின்றதும் அன்றைக்குச் சொன்ன மாதிரி சொல்வீர்களா ஐயா என்று கேட்டாள். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் டீயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடியே பேசினார்.

"போனாத்தான் சொல்லுவேன்."

டீயில் ஏடு படிந்தது.

"ஒரு தடவ அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு கோப்பையை மடியிலேயே ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு, "நான் சொன்னேன்னுதான் வந்தாங்க" என்றார்.

எத்தனை பேர், யார் யார் என்று அவள் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை கேட்காமல் இருப்பதுதான். கோப்பையை வாங்கிக்கொண்டு போய் வேறு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அந்த மனிதரிடம் போய் இன்னொரு முறை அவசரப்படுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்காவிட்டால் டீச்சருக்கு ஒரு மாதம். புருஷனிடம் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, தன் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். எதைச் சொன்னாலும் லிஃப்டில் கொண்டுபோய் நிறுத்துவது அவன் வழக்கம். குழிக்குள் ஒருவன் இறங்குகிறான் என்றால் மேலே மெஷின் அறையில் ஒருவன் நிற்க வேண்டும். மேலே இருப்பவன் சரி என்றால்தான் கீழே இருப்பவன் கை வைப்பான். மேலே ஆள் இல்லாமல் இறங்குகிறவன் பென்ஷன் வாங்கியதில்லை.

"அவருக்கு மேல யாரு நின்னா?" என்று கேட்டான்.

யாரும் நின்றிருக்க மாட்டார்கள். பார்த்ததும் அவர்தான், சொன்னதும் அவர்தான். சுமந்ததும் அவர் ஒருவர்தான். செருமல் அக்கா எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள். லிஃப்டைப் பற்றி அவன் பேசியதில் உபயோகமாக ஒன்று இருந்தது அதுவே முதல் தடவை. அதை அவனிடம் சொல்லவும் செய்தாள்.

பின்கட்டில் சில சொற்களைச் சொல்லக் கூடாது என்று விதி உண்டு. தீ, புகை, குண்டு, விமானம். ஊழியர்கள் எல்லாவற்றுக்கும் சின்னப் பிரச்சினை என்றுதான் சொல்வார்கள். மறுநாள் காலை அவள் அந்த விதியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வேலைக்காரி இன்னொரு வேலைக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஐயா, அந்தச் சங்கு மேலருந்து வர்றதுக்கு இல்ல. தீப்பிடிச்சா ஊதுறது. தீ உள்ளருந்து வரும். படிக்குக் கீழ உக்காந்திருந்தா அத்தன பேரும் போயிடுவோம். வெளியதான் போகணும்."

அவர் முதல்முறையாக வாசலிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"வானத்த யாரு பார்க்கிறது?"

"நான் பார்க்கிறேன்."

"நான் வந்து சொல்ற வரைக்கும் கீழ பார்க்கக் கூடாது."

"பார்க்க மாட்டேன்."

அவர் அவ்வளவில் நம்பிவிடவில்லை. ஆழம் பார்க்காமல் காலை விடுகிற ஆள் இல்லை. தினமும் காலையில் அவளை முற்றத்தில் பத்து நிமிடம் நிறுத்தினார். தான் ஜன்னலில் நின்றுகொண்டார், முற்றத்துக்கு அவர் மூன்று வருடத்தில் வந்ததே இல்லை. முடிந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்பார். முதல் நாள், இரண்டு காக்கை என்றாள். மூன்று என்றார். மூன்றாவது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனதாம். அடுத்த நாள் ஒரு பருந்தை விட்டுவிட்டாள். அறுபத்தெட்டு போட்ட பரீட்சையே தேவலை என்றிருந்தது. நாலாவது வாரம்தான் அவள் சொன்ன கணக்குக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் டீயை வாங்கிக்கொண்டார்.

தினமும் முற்றத்தில் அண்ணாந்து நிற்பவளைப் பார்த்து முன்கட்டு ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கூடவே இருந்து கூடவே இருந்து அக்காவுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார்கள். மேலாளரிடமும் சொன்னார்கள். மேலாளர் தலையாட்டினார்.

பயிற்சி நாள் வந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, மேகமில்லாத வானம். அதிகாரி ஸ்டாப்வாட்சோடு முற்றத்தில் நின்றார். சங்கு ஊதத் தொடங்கியதும் செருமல் அக்கா முற்றத்தின் நடுவில் போய் நின்று தலையை நிமிர்த்தினாள். நீங்கள் உள்ளேயல்லவா இருக்க வேண்டும் என்றார் அதிகாரி. பேசாதீங்க சார், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அதிகாரியும் மேலே பார்த்தார். ஒருவர் அண்ணாந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் இருக்க முடியாது.

அவளுக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது. உள்ளே ஊன்றுகோல் ஓடியது. மூட்டை உரசியது. பிறகு அமைதி. சங்கு நின்றது. அதிகாரி, ஒரு நிமிடம் என்றார்.

அவள் இந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். காக்கை ஒன்று. பிறகு, வாய்விட்டு ஒண்ணுமில்லை என்று சொல்லப் போகும் நேரத்தில், கிழக்கே சின்னதாக ஒன்று மின்னியது. பயணிகள் விமானம். கைக்குழந்தையும் கைப்பையுமாக ஜனங்கள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். இத்தனை வாரம் பார்த்த வானத்தில் அந்த நேரத்துக்கு ஒருநாளும் வராதது, அன்றைக்குப் பார்த்து வந்தது.

"என்னம்மா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவார். அவருக்கு அங்கிருந்து வானம் தெரியாது, படியின் அடியில் இருக்கிறார். யாருக்கும் ஒரு கீறல் விழாது. டீச்சர் பிழைப்பார். பொய் சொல்ல அவள் வாயைத் திறந்தும்விட்டாள். ஆனால் நான் சொன்னேன்னுதான் வந்தாங்க என்று சொன்ன மனிதர் கேட்கிறார். அவரிடம் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது, பார்த்ததை இல்லையென்றும் சொல்ல முடியாது.

"ஒண்ணு இருக்குங்கய்யா. போயிட்டு இருக்கு."

ஒண்ணரை நிமிடம் என்றார் அதிகாரி. அது பயணிகள் விமானம்தானே என்றும் சொன்னார். அவள் கண்ணை எடுக்கவில்லை. விமானம் நகருவதாகவே தெரியவில்லை. மாட்டுவண்டி மாதிரி வந்தது. இரண்டு நிமிடம் என்றார். அது தலைக்கு நேர் மேலே வந்தது. அந்த மெல்லிய இரைச்சல் கீழேயும் கேட்டிருக்கும். உள்ளே யாரோ விசும்பினார்கள், டீச்சராக இருக்கலாம். செருமல் அக்காவுக்குக் கழுத்து மரத்துப்போயிற்று, கண்ணில் நீர் கோத்தது, துடைத்தால் இமை மூடும் என்று துடைக்கவில்லை. இரண்டே முக்கால் என்றார் அதிகாரி, குரலை இறக்கி. விமானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்தது. மறுபக்கம் வந்தது. மரங்களுக்கு அப்பால் இறங்கியது.

"ஒண்ணுமில்லைங்கய்யா" என்று கத்தினாள். "சுத்தமா இருக்கு."

ஒரு மூச்சு விடுகிற நேரம்.

"போயிட்டான்" என்றது உள்ளே. "வாங்க."

வந்தார்கள். உள்ளே போன அதே வேகத்தில் வந்தார்கள். ஒரு ஊன்றுகோலின் தட்டல், மூட்டையின் உரசல், செருப்பில்லாத காலடிகள். எட்டு வரை எண்ணினாள். ஒன்பதாவது காலடி மட்டும் வாசற்படியில் கொஞ்சம் நின்றது. பிறகு அதுவும் இறங்கி மண்ணில் விழுந்தது. மூன்று நிமிடம் ஐம்பத்தெட்டு என்றார் அதிகாரி. மூட்டை அம்மா அவரைப் பார்த்து, அன்றைக்கே கூப்பிட்டேன், வரவில்லை, பாவம் தம்பி எங்கே போய் ஒளிந்தாயோ என்று விசாரித்தார். பக்கத்திலேயேதான் இருந்தேன் அம்மா என்றார் அதிகாரி. அவரிடம் அப்படி ஒரு பதில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அறிக்கை அடுத்த வாரம் வந்தது. பின்கட்டு ஆட்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்று ஒரு வரி. பயிற்சி நேரத்தில் ஊழியர் ஒருவர் தன் பணியைக் கவனிக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், விளக்கம் கேட்கவும் என்று இன்னொரு வரி. அதிகாரி என்றால் எதையாவது எழுதித்தானே ஆகவேண்டும். மேலாளர் விளக்கம் கேட்டார். பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் அதற்கும் தலையாட்டினார்.

ஆனால் அது பிறகு. அன்று முற்றத்தில் எல்லோரும் பேசிக்கொண்டும் டீ எங்கே என்று கேட்டுக்கொண்டும் நிழலுக்கு நகர்ந்தார்கள். செருமல் அக்கா மட்டும் அண்ணாந்தபடியே நின்றாள். வந்து சொல்கிறவரை கீழே பார்க்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை. அவள் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தாள். இதைத் தெரிந்துகொள்ள நாற்பத்தொன்பது வயதாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒருவர் ஒளிந்திருந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பதில்லை, வெளியே போய் வானத்தைப் பார்க்க வேண்டும்.

அப்போது அவளுக்குப் பின்னால், நாலடி தள்ளி, யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு முறை.

அவளுக்காக அதை யாரும் செய்ததில்லை.

"நான்தாம்மா" என்றார் காவல்கார ஐயா. அவள் தோள் கொஞ்சம் அசைகிறவரை காத்திருந்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். தானும் ஒருமுறை வானத்தைக் கோடிக்குக் கோடி பார்த்தார்.

"போயிட்டான்" என்றார். "நீயும் வா."

அவள் தலையைத் தாழ்த்தினாள். அத்தனை நேரம் கண்ணில் தேங்கியிருந்தது மொத்தமும் இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக வேலை நேரத்தில் அழாதவள், பத்தேகால் மணிக்கு, நாற்பத்தொன்பது பேரும் ஒரு அதிகாரியும் பார்க்க, ஏங்கி ஏங்கி அழுதாள். அவர் எதற்கென்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவருக்கும் தெரிந்திருந்தது. அவள் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, டீ ஆறிவிடப் போகிறது என்றார்.